கழுதை கண்டது என்ன? விலங்கின் பார்வையைத் தேடும் திரைப்படங்கள் பற்றி ஓர் இறையியல் திறனாய்வு

மனிதனைக் காட்டிலும் விலங்கு தெளிவாகக் கண்டது என்று திருமறை கூறும் இடம் ஒன்று உண்டு. எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில், மோவாபின் அரசனிடம் செல்லும் பிலேயாம், உருவிய பட்டயத்தோடு வழிமறித்து நின்ற தூதனைக் காணவில்லை. அவன் ஏறிச் சென்ற கழுதை கண்டது. தீர்க்கதரிசி என்று பெயர் பெற்றவனுக்கு மறைந்திருந்தது பொதி சுமக்கும் உயிருக்குத் தெரிந்தது. இப்பகுதியை விளக்குவோர் பெரும்பாலும் கழுதை பேசியதையே வியந்து நிற்கின்றனர். அது கண்டதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

விலங்குகள் உலகை எவ்வாறு காண்கின்றன என்னும் கேள்வியைத் திரைப்படக் கலையின் சோதனை முயற்சியாளர் சிலர் கையிலெடுத்துள்ளனர். கதையை நடத்திச் செல்லும் மனிதக் கண்ணை விட்டு விலகி, மீனின் இடத்திலும் பன்றியின் உயரத்திலும் கழுதையின் கனவிலும் படக்கருவியை நிறுத்திப் பார்த்துள்ளனர். அவற்றுள் நான்கு படங்களை இங்கு ஆராய்வோம். ராபேர் பிரெஸ்ஸோன் 1966இல் பிரான்சில் உருவாக்கிய 'ஓ அசார் பல்தசார்'. லூசியன் காஸ்டேங்-டெய்லரும் வெரெனா பரவெலும் 2012இல் வெளியிட்ட 'லிவியாதான்'. விக்டர் கொசகோவ்ஸ்கியின் 'குண்டா' (2020). யெர்சி ஸ்கோலிமோவ்ஸ்கியின் 'ஈ-ஓ' (2022) ஆகியவையே அவை. இப்படங்கள் அழகியவையா என்று மட்டும் கேட்பது நம் நோக்கமன்று. படைப்பின் உயிர்களோடு நமக்குள்ள உறவைப் பற்றி இவை மெய்யாய் எதையேனும் உரைக்கின்றனவா, அன்றி மனிதன் தன்னையே இன்னொரு தோலுக்குள் புகுத்திப் பார்த்து மகிழ்கின்றானா என்பதே நம் கேள்வி.

1. அறிவியல் இடும் எல்லை

எஸ்தோனியாவில் பிறந்த உயிரியலாளர் யாக்கோப் ஃபான் யுக்ஸ்குல் (1864–1944) ஒவ்வோர் உயிரும் தனக்கென்று அமைந்த ஓர் உலகினுள் வாழ்கின்றது என்று எடுத்துக்காட்டினார். அவர் தந்த உதாரணம் உண்ணி. அதற்குக் காடும் வானும் பறவையொலியும் இல்லை. கீழே கடந்து செல்லும் பாலூட்டியின் தோலிலிருந்து எழும் ஒருவகை அமிலத்தின் மணம், இரத்தத்தின் வெதுவெதுப்பு, மயிர் குறைந்த தோலின் தொடுகை ஆகிய மூன்றே அதன் உலகம். நமக்கு ஒரே தோட்டமாய்த் தோன்றுவது அதில் வாழும் உயிர்களுக்கு எண்ணற்ற தோட்டங்களாகும். அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை மேலும் கூர்மையாக்கினார். வௌவாலின் மூளையையும் செவியையும் நாம் எவ்வளவு ஆராய்ந்தாலும், வௌவாலுக்கு வௌவாலாய் இருப்பது எத்தகைய அனுபவம் என்பது நமக்கு எட்டாது என்பதே அவர் வாதத்தின் சாரம். வௌவாலைப் போலத் தலைகீழாய்த் தொங்குவதாக நாம் கற்பனை செய்யலாம். அது நாம் தொங்கும் அனுபவமே, வௌவாலின் அனுபவமன்று.

படக்கருவி மனிதக் கண்ணன்று, ஆகவே அது மனித எல்லையைக் கடக்கவல்லது என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் நிற்காது. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவது மனிதக் கண்ணுக்கு அசைவாய்த் தெரியப் போதுமான அளவு. நம்மினும் பன்மடங்கு விரைவாய் ஒளியின் மாற்றத்தை உணரும் ஈயின் கண்ணுக்கு அதே படம் வெட்டி வெட்டி நிற்கும் படங்களின் வரிசையாகவே தோன்றும். படச்சுருளின் வண்ணமும் அவ்வாறே. மனிதக் கண்ணில் நிறமறியும் உயிரணுக்கள் மூவகைப்படும் என்ற அடிப்படையிலேயே அது கலக்கப்பட்டது. தேனீயோ நாம் காணாத புறஊதா ஒளியைக் காண்கின்றது; குதிரையினத்து விலங்குகளுக்கு நிறமறியும் உயிரணுக்கள் இருவகையே. தலையின் இருபுறமும் கண் அமைந்த குதிரை ஏறத்தாழ 350 பாகை சுற்றளவைக் காண, திரையோ சிறிய நீள்சதுரமாய் நம் முன்னே நிற்கின்றது. சுருங்கக் கூறின், படக்கருவி மனிதனுக்கென்று அளந்து தைத்த ஆடை. அதனை எந்த விலங்குக்கு உடுத்தினாலும் அதனுள் தெரிவது மனித வடிவமே.

எனவே இப்படங்கள் விலங்கின் பார்வையை நமக்குத் தருகின்றன என்று எவரேனும் விளம்பினால் அதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வாறு தர இயலாது என்பதை அறிந்த பின்னரும் ஒரு கலைஞன் அத்திசை நோக்கி ஏன் நடக்கின்றான், நடந்து எங்கே சேர்கின்றான் என்பதே ஆராயத்தக்கது.

2. லிவியாதான்: எவருடையதும் அல்லாத கண்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்ட் என்னும் துறைமுகம் உள்ளது. மெல்வில் தம் திமிங்கல நவீனத்தின் தொடக்கப் பகுதிகளை அமைத்த ஊர் அது. அங்கிருந்து புறப்படும் இழுவலைப் படகொன்றில் 'லிவியாதான்' எடுக்கப்பட்டது. இயக்குநர் இருவரும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புலனுணர்வு இனவரைவியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவர்கள். நீர் புகாத சிறு படக்கருவிகளை மீனவர் உடலிலும் நீண்ட கழிகளின் முனையிலும் கட்டி, தளத்தில் புரளும் மீன்களிடையேயும் கடல்நீரின் அடியிலும் மேலும் விட்டெடுத்த காட்சிகளே படம். விளக்கவுரை இல்லை; கதை இல்லை. இருளும் இரும்புச் சங்கிலியின் ஓசையும் இரத்தம் கலந்த நீரும் நம்மைச் சூழ்கின்றன. வெட்டுண்ட மீன்தலைகள் தளத்தில் அலையோடு முன்னும் பின்னும் உருள்கின்றன. பறக்க இயலாத கடற்பறவையொன்று ஒரு பலகையைத் தாண்ட முயன்று முயன்று தோற்கின்றது. படக்கருவி தலைகீழாய்ப் புரள, பறவைக்கூட்டம் வானத்திலா கடலிலா என்று அறியமுடியாதபடி பறக்கின்றது.

படத்தின் முகப்பில் யோபு 41ஆம் அதிகாரத்தின் வரிகள் வைக்கப்பட்டுள்ளன. இது வெறும் அலங்காரமன்று. யோபு 38 முதல் 41 வரையுள்ள இறையுரையின் வியப்பு யாதெனில், துன்புற்றவனாகிய யோபின் கேள்விகளுக்கு ஆண்டவர் மறுமொழியாய் மனிதனே இல்லாத உலகொன்றைக் காட்டுகின்றார். மனிதர் குடியிராத வனாந்தரத்தில் மழை பெய்கின்றது (38:26). காட்டுக்கழுதையும் தீக்குருவியும் காகமும் மனிதனைக் கேளாமல் வாழ்கின்றன. லிவியாதான் மனிதனின் தூண்டிலுக்கு அகப்படுவதில்லை. மனிதன் படைப்பின் நடுவில் இல்லை என்னும் கடினமான ஆறுதல் அங்கே கிடைக்கின்றது. அந்தத் தள்ளாட்டத்தை நம் உடலிலே உணர்த்தியதில் இப்படம் பிற படங்கள் செய்யாததைச் செய்துள்ளது என்போம்.

ஆயினும் இரு குறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, மீன்களிடையே கிடக்கும் அப்படக்கருவி மீனன்று. அது வலியறியாது, மூச்சுத் திணறாது. அது எவருடைய கண்ணும் அன்று. யோபு நூலில் மனிதனற்ற அவ்வுலகைக் காட்டுகிறவர் ஒருவர் உண்டு. ஒவ்வோர் உயிரும் எப்போது ஈனும், எங்கே இரைதேடும் என்று அறிந்தவர் அவர். படத்திலோ அறிகிறவர் எவருமில்லை. ஆகவே அங்கே வியப்பாய் விரிந்தது இங்கே குழப்பமாய்ச் சுழல்கின்றது.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. மீனுக்கும் மனிதனுக்கும் ஒரே மதிப்புத் தருவதாகக் கூறும் இப்பார்வையில் மீனவர்கள் உழைக்கும் கைகளாய், சோர்ந்த தோலாய், ஈரமான எண்ணெய்த்துணியாய்ச் சிதறிப்போகின்றனர். ஒருவர் வேலை முடிந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவாறே உறக்கத்தில் ஆழ்கின்றார். நீண்ட நேரம் அசையாத அக்காட்சியில் மட்டுமே அவர் ஒரு மனிதராய் நம்முன் அமர்கின்றார். அவர் யாருக்காக இரவெல்லாம் மீன் அறுக்கின்றார், கூலி யாது, மீனை உண்போர் எவர் என்று படம் கேட்பதில்லை. விலங்கை உயர்த்துவதற்கு உழைப்பாளியைத் தாழ்த்த வேண்டியதில்லை. இக்கருத்துக்கு மீண்டும் வருவோம்.

3. குண்டா: மௌனத்தின் உயரம்

நார்வே நாட்டுப் பண்ணை ஒன்றில் வாழும் தாய்ப்பன்றியின் பெயர் குண்டா. அதனையும் அதன் குட்டிகளையும், பிற இடங்களில் எடுத்த மாடுகளையும் கோழிகளையும் கொசகோவ்ஸ்கி கறுப்பு வெள்ளையில் காட்டுகின்றார். 93 நிமிடங்களில் மனிதக் குரல் ஒன்றும் இல்லை, இசையும் இல்லை. படக்கருவி விலங்கின் உள்ளே புக முயல்வதில்லை. பன்றியின் உயரத்தில் தரையருகே நின்று பொறுமையோடு காத்திருக்கின்றது. கூண்டிலேயே வாழ்ந்த கோழிகள் முதன்முறையாகப் புல்லில் கால் வைக்கின்றன. ஒற்றைக்கால் கோழியொன்று தயங்கித் தயங்கிக் கட்டைகளைத் தாண்டுகின்றது. மாடுகள் தலைமாறி இணையாய் நின்று ஒன்றன் வாலால் மற்றதன் முகத்து ஈயை ஓட்டுகின்றன.

இறுதியில் ஒரு வண்டி வந்து குட்டிகளை ஏற்றிச் செல்கின்றது. வண்டியை ஓட்டுகிறவர் முகம் தெரிவதில்லை. பின்னர் வரும் நீண்ட காட்சியில், பால் நிறைந்த மடியோடு தாய் அங்குமிங்கும் நடந்து, மோந்து, நின்று கேட்டு, மீண்டும் நடக்கின்றது. ஒரு கட்டத்தில் நேராய் நம்மை நோக்குகின்றது. அதன் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்று எவரும் உரைப்பதில்லை. உரைக்காததனாலேயே அது பொறுக்கவொண்ணாததாகின்றது.

இம்மௌனம் மதிக்கத்தக்கது. விலங்கின் வாயில் சொற்களைத் திணிக்கும் சிறுவர் படங்களினின்று இது எவ்வளவோ தொலைவில் உள்ளது. எனினும் இங்கும் ஒரு தேர்வு மறைந்துள்ளது. கறுப்பு வெள்ளையும் அண்மைக் காட்சியும் சேர்ந்து பன்றியின் முகத்தை ஓவியங்களில் நாம் காணும் துயருற்ற தாயின் முகமாக அமைத்துவிடுகின்றன. அதே பன்றி படத்தின் தொடக்கத்தில் நலிந்த குட்டியொன்றைத் தன் காலால் மிதிக்கின்றது. அக்காட்சியைப் படத்தொகுப்பில் நீக்காமல் வைத்தது இயக்குநரின் நேர்மைக்குச் சான்று. விலங்கை நாம் நேசிப்பது அது நம்மைப் போல் இருப்பதாலாயின், நம்மைப் போல் இல்லாதபோது அந்நேசம் என்னாகும்? பன்றி பன்றியாயிருப்பதே அதன் மாண்பு. தாயாய் நமக்குத் தோன்றும் கணத்தில் மட்டும் அது மாண்பு பெறுவதன்று.

முகமில்லாத வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மனிதனைத் திரையினின்று முற்றும் நீக்கியதால் பாவம் ஒரு சக்கரத்தின் செயலாய்விடுகின்றது. பார்க்கிறவன் அழுகின்றான், குற்றவாளி யார் என்று அவனுக்குத் தெரிவதில்லை. தாவீதின் முன் நாத்தான் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோது அரசனும் சினந்து எழுந்தான். அவனுடைய சினம் அக்கதையோடு நின்றிருந்தால் பயனில்லை. அந்த மனிதன் அவனே என்று நாத்தான் சுட்டியபோதே மனந்திரும்புதல் தொடங்கியது (2 சாமுவேல் 12). குண்டாவின் நோக்கு அத்தகைய சுட்டலை நெருங்குகின்றது. ஆனால் அதனைக் கேட்கும் செவியைப் பார்வையாளனே கொண்டுவர வேண்டியுள்ளது.

4. ஈ-ஓ: சிவப்பு யாருடையது?

போலந்து இயக்குநர் ஸ்கோலிமோவ்ஸ்கி தம் எண்பதாம் வயதைக் கடந்த பின் எடுத்த 'ஈ-ஓ' 2022ஆம் ஆண்டு கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்து பெற்றது. கழுதையின் கனைப்பொலியே அதன் பெயர். பிரெஸ்ஸோனின் படத்துக்கு இது வெளிப்படையான வணக்கம். சர்க்கஸில் தன்னை நேசித்த பெண்ணோடு வாழ்ந்த கழுதை, விலங்குரிமைக் கிளர்ச்சியாலும் சர்க்கஸின் கடன் நெருக்கடியாலும் அவளிடமிருந்து பிரிக்கப்படுகின்றது. விடுதலை என்று பிறர் அழைத்தது அதற்கு இழப்பாயிற்று. அது யாரை நேசித்தது என்று விடுவித்தோர் கேட்கவில்லை. இம்முரணைப் படம் கூர்மையாய் உணர்த்துகின்றது. பின்னர் கழுதை கைமாறிக் கைமாறி, பந்தாட்ட இரசிகர்களிடம் அடிபட்டு, முடிவில் இறைச்சிக் கூடத்துக்குள் மாடுகளோடு நடந்து மறைகின்றது.

நான்கு படங்களிலும் விலங்கின் உள்ளத்துக்குள் துணிந்து புகுவது இதுவே. கழுதை நினைக்கின்றது; கனவு காண்கின்றது. காடும் ஆறும் இரத்தச் சிவப்பில் மூழ்க, படக்கருவி மரங்களிடையே பறந்து செல்கின்றது. இக்காட்சிகள் கண்ணைக் கவர்வன. ஆனால் முன்னர் நாம் குறித்ததை இங்கு நினைவுகூர வேண்டும். குதிரையினத்துக்கு நிறமறியும் உயிரணுக்கள் இருவகையே. சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல் அவை பிரித்தறிவதில்லை. கழுதையின் கனவைத் தோய்த்த அச்சிவப்பு கழுதைக்கு இல்லாத நிறம். அது மனிதனின் அச்சம், மனிதனின் இரத்தம், மனிதனின் எச்சரிக்கை விளக்கு. இயக்குநரின் அன்பு ஐயத்துக்கு இடமற்றது. அவ்வன்பு தன் உள்ளத்தைக் கழுதைக்குக் கொடுத்துவிட்டு, கழுதையின் உள்ளத்தைப் பெற்றுக்கொண்டதாக எண்ணுகின்றது. மிகுந்த அன்புடையோரும் இவ்வாறு செய்வதுண்டு என்பதை ஆயர்பணியில் உள்ளோர் அறிவர். துன்புறுகிறவரின் அருகில் அமர்ந்து, அவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவர் உணர்வது இன்னதென்று நாம் எத்தனை முறை சொல்லிமுடிக்கின்றோம்!

5. பல்தசார்: பார்க்கும் கண், திறவாத கதவு

இனி 1966ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். காலத்தால் முந்தியதை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சோதனை என்னும் சொல்லுக்குப் புதிய கருவி மட்டுமே பொருளாயின் பிரெஸ்ஸோனுக்கு இங்கு இடமில்லை. பிறர் சேர்த்ததை நீக்கிப் பார்ப்பதும் சோதனையே. நடிப்பை நீக்கி, உணர்ச்சிக் குரலை நீக்கி, விளக்கத்தை நீக்கி, ஒரு கழுதையை நடுவில் நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்று அவர் சோதித்தார்.

சிறுவர்கள் விளையாட்டாய் ஞானஸ்நானம் கொடுத்துக் குட்டிக்குப் பல்தசார் என்று பெயரிடுகின்றனர். மரி என்னும் சிறுமி அதனை நேசிக்கின்றாள். ஆண்டுகள் கழிகின்றன. கழுதை அப்பம் விற்பவரிடமும், குடிகாரனிடமும், சர்க்கஸ்காரரிடமும், கருமியான தானிய வணிகரிடமும் கைமாறுகின்றது. ஆலயத்தில் இனிமையாய்ப் பாடும் ஜெரார் என்னும் இளைஞன் அதன் வாலில் காகிதத்தைக் கட்டித் தீ வைக்கின்றான். அவனே மரியையும் சீரழிக்கின்றான். இறுதியில் கள்ளக்கடத்தல் பொதியோடு எல்லைக்கு ஓட்டப்பட்டு, சுங்கக் காவலரின் குண்டு பட்டு, விடியலில் மலைச்சரிவில் ஆட்டுமந்தையின் நடுவே கழுதை படுத்து இறக்கின்றது.

இப்படத்தில் பிரெஸ்ஸோன் கழுதையின் கண்வழியே உலகைக் காட்ட முயல்வதில்லை. சர்க்கஸ் காட்சியைக் காண்க. கூண்டுகளின் முன்னே பல்தசார் கடந்து செல்கின்றது. புலி அதனை நோக்குகின்றது. அது புலியை நோக்குகின்றது. அவ்வாறே பனிக்கரடி, மனிதக்குரங்கு, யானை. கண்ணுக்கு மாற்றாய்க் கண் மட்டுமே திரையில் வருகின்றது. அவை ஒன்றையொன்று காண்கின்றன என்று அறிகின்றோம். என்ன காண்கின்றன என்று அறியோம். கதவொன்று இருப்பதைக் காட்டி, அதைத் திறக்காமல், அதன்முன் நம்மை நிறுத்திவைக்கின்றார் இயக்குநர். விலங்குக்கு ஓர் உள்ளுலகம் உண்டு, அது நமக்குரியதன்று. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே காத்ததில்தான் அப்படத்தின் பெருமை உள்ளது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். பிரெஸ்ஸோனும் கழுதையை அடையாளமாக்கிவிட்டார் அல்லவா? ஞானஸ்நானம், மூன்று சாஸ்திரிகளுள் ஒருவருக்கு மரபு வழங்கிய பெயர், பழியைச் சுமத்தல், மந்தையின் நடுவே மரணம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து அதனை வாயற்ற கிறிஸ்துவாய் ஆக்கவில்லையா? இவ்வாதத்தை எளிதில் தள்ளமுடியாது. கத்தோலிக்கப் பக்தியில் ஊறிய அக்கலைஞர் இப்பொருத்தங்களை அறியாமல் வைத்தவரல்லர். எனினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கழுதையைப் புனிதன் என்று அழைப்பது படமன்று. மகளையும் கணவனையும் இழந்து அதனை மட்டுமே உடையவளாய் நிற்கும் ஒரு தாய். மேலும் படத்தின் தொடக்கத்தில் ஷூபர்ட்டின் பியானோ இசை மென்மையாய் ஒலிக்கையில், கழுதையின் கரகரத்த கனைப்பு அதனை இடைமறிக்கின்றது. பின்னர் இசை தொடர்கின்றது. நீ என்மேல் எந்த இசையைப் போர்த்தினாலும் நான் கழுதையே என்று அவ்விலங்கு நினைவூட்டுவது போலுள்ளது. அடையாளம் விலங்கை முற்றிலும் விழுங்குவதில்லை.

இன்னும் ஒன்றுண்டு, நம் நோக்கில் அதுவே தலையாயது. மரியும் பல்தசாரும் ஒரே கையால் அடிபடுகின்றனர். பெண்ணை இழிவாய் நடத்துகிறவனும் கழுதையின் வாலில் தீ வைக்கிறவனும் ஒருவனே. விலங்கின் துயரைப் பேசுவதற்காக மனிதத் துயரைப் படம் மறப்பதில்லை. மனிதத் துயருக்கு உவமையாக விலங்கைச் சுருக்கவும் இல்லை. கொடுமை ஒன்றே என்றும், அதன் வேர் ஒன்றே என்றும் காட்டுகின்றது.

6. ஏழை உண்ண உணவின்றி இருக்கையில்

நம் வாசகருள் சிலர் இந்நேரம் பொறுமை இழந்திருப்பர். மனிதர் பசித்திருக்கையில் பன்றியின் பார்வை எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயமே. நம் நாட்டில் இக்கேள்விக்கு மேலும் கூர்மை உண்டு. விலங்கின் புனிதத்தைப் பேசிக்கொண்டே மனிதனைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம் இது. 2016ஆம் ஆண்டு குஜராத் மாநிலத்து உனா என்னுமிடத்தில், இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் பலர் காண அடிக்கப்பட்டனர். விலங்கின்மேல் காட்டும் இரக்கம் மனிதன்மேல் வீசும் தடியாய் மாறக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தோல் உரிப்போரும், இறைச்சி விற்போரும், மீன் பிடிப்போரும், பன்றி வளர்ப்போரும் நம் சபைகளின் அங்கத்தினர். அவர்கள் வயிற்றின்மேல் நின்றுகொண்டு விலங்குகளுக்காகக் கண்ணீர் விடும் இறையியல் நமக்கு வேண்டாம்.

ஆனால் இக்கேள்வியை முழு மறுப்பாக்கிக் கொள்வதும் தவறு. யோனாவின் நூல் எவ்வாறு முடிகின்றது? இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரைக் குறித்த கடவுளின் கவலையோடு, அந்நகரின் திரளான கால்நடைகளைக் குறித்த கவலையும் அதே மூச்சில் சேர்ந்துவருகின்றது (யோனா 4:11). இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கடவுள் யோனாவைக் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கச் சொல்வது நம் கஞ்சத்தனம். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் தவிப்பதும், ஆவியின் முதற்பலனைப் பெற்ற நாம் தவிப்பதும் ஒரே பிரசவ வேதனையாய்க் கூறப்படுகின்றன. ஆகவே இத்தகைய படங்களுக்கு நாம் வைக்கும் அளவுகோல் இது: விலங்கைக் காணும்போது இப்படம் நசுக்கப்பட்ட மனிதனையும் காண்கின்றதா? இவ்வளவுகோலில் பல்தசார் நிற்கின்றது, லிவியாதான் தளர்கின்றது, மற்ற இரண்டும் இடையில் உள்ளன.

7. கழுதை கேட்ட கேள்வி

தொடங்கிய திருமறைப் பகுதிக்குத் திரும்புவோம். தூதனைக் கழுதை கண்டது என்று ஆசிரியர் கூறுகின்றார். அக்காட்சி அதற்கு எவ்வாறு தோன்றியது என்று ஒரு சொல்லும் இல்லை. அது வயலுக்குள் விலகியது, சுவரோடு ஒதுங்கியது, படுத்துக்கொண்டது. வெளியே தெரிந்த செயல்கள் மட்டுமே கூறப்படுகின்றன. ஆண்டவர் அதன் வாயைத் திறந்தபோதேனும், தான் கண்டதை அது விவரித்திருக்கலாம். மனிதருள் ஒருவராயின் அத்தரிசனத்தைப் பல நாள் உரைத்திருப்பர். கழுதையோ தூதனைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மும்முறை தன்னை ஏன் அடித்தான் என்று கேட்கின்றது. இத்தனை காலம் அவன் ஏறிவந்த கழுதை தான் அல்லவா, இவ்விதம் என்றேனும் நடந்ததுண்டா என்று கேட்கின்றது. அதாவது, தன் பார்வையை அது விளக்கவில்லை. தங்களிடையே இருந்த உறவை நினைவூட்டி நியாயம் கேட்கின்றது. பிலேயாமின் கண்கள் திறந்த பின்னர் தூதன் கேட்கும் முதற் கேள்வியும் அதுவே. கழுதை விலகியிராவிட்டால் அவனைக் கொன்று அதனை உயிரோடு விட்டிருப்பேன் என்றும் தூதன் உரைக்கின்றான். தன்னை அடித்தவன் உயிரைக் கழுதை காத்தது.

விலங்கு எவ்வாறு காண்கின்றது என்னும் கேள்வி அறிவின் கேள்வி. அதனை அறிவியலாளரும் கலைஞரும் தொடர்ந்து கேட்கட்டும். அதில் நமக்கு மகிழ்ச்சியே. திருமறை முன்வைப்பதோ பொறுப்பின் கேள்வி. விலங்கின் உள்ளத்தை அறிந்த பின்னரே அதற்கு நியாயம் செய்வோம் என்றால் ஒருநாளும் நியாயம் செய்யமாட்டோம். நீதிமான் தன் விலங்கின் உயிரைப் பேணுகின்றான் என்று நீதிமொழிகள் (12:10) உரைக்கும்போது, அவன் அதன் மனத்துக்குள் புகுந்து பார்த்தான் என்று கூறவில்லை. அறியாததைப் பேணுவதும் நீதியே. ஆதாமும் விலங்குகளுக்குப் பெயரிட்டான்; அவற்றின் உள்ளத்தைத் திறந்து படிக்குமாறு அவனிடம் கேட்கப்படவில்லை.

இது பிரசங்க மேடைக்கும் உரியது. நாம் மேடையேறும் ஒவ்வொரு முறையும் ஆடும் மாடும் கழுதையும் சிங்கமும் நம்மோடு ஏறுகின்றன. ஆடு கீழ்ப்படிதலாய், பன்றி அசுத்தமாய், கழுதை மூடத்தனமாய், எறும்பு சுறுசுறுப்பாய் வந்து, தம் வேலை முடிந்ததும் இறங்கிவிடுகின்றன. எதுவும் தானாக நிற்பதில்லை. கழுதை என்ற சொல்லை நாம் வசையாகவே வைத்திருக்கின்றோம். ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்ததைக் குருத்தோலை ஞாயிறுதோறும் பாடுகின்றோம். இதுவரை எவரும் ஏறாத அக்குட்டி, கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே எவ்வாறு நடந்திருக்கும் என்று எண்ணுவதில்லை. அதனை விவரிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதுவும் அங்கே இருந்தது என்று ஒரு கணம் நின்று நினைக்கலாம் என்கின்றோம்.

இறையியல் மாணவர்கள் இந்நான்கு படங்களையும் காண்பது நன்று. பல்தசாரை இருமுறை காண்பது இன்னும் நன்று. அவை விலங்கின் கண்ணை நமக்குத் தருவதில்லை. விலங்கின் கண்முன் நாம் நிற்கின்றோம் என்பதை நினைவூட்டுகின்றன. அக்கண் கேட்பது பிலேயாமின் கழுதை கேட்டதுதான். அதற்கு மறுமொழி கூற வேண்டியவர்கள் நாமே. திரை இருண்ட பின்னரும் அக்கேள்வி நம்மோடு வீட்டுக்கு வருகின்றது.